ஏழாங்கட்டைத் தோட்டத்து மாப்பிள்ளை

என்னால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார முடியாது. என் மனைவி தனலெட்சுமி இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், மூன்று மாதத்துக்கு முன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தம்பின் டவுன் பக்கம் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் கூப்பிடப் போகவில்லை. போனவள்தானே வரவேண்டும்? நான் வேலை செய்யும் செனாவாங் தொழிற்சாலையில் விசாரித்தவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே எரிச்சலாக வந்தது.

அவள் போன மறு ஞாயிறும் நான் அர்ச்சுனனின் காடியில் ஏறிவிட்டேன். அர்ச்சுனன் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை செய்பவன். வயிறு முன்னால் வரும், ஆள் பின்னால் வருவான். ஆனால் கோல் கம்பத்துக்கு நடுவில் நிறுத்தினால் பந்து உள்ளே போகாது. இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் அவனுடைய பழைய கஞ்சில் காரில் நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டங்களின் பாடாங்குகளை, பந்து விளையாடும் திடல்களை, பார்த்துக்கொண்டு சுற்றினோம். செம்பனை மரம் கோட்டுக்குள்ளேயே வந்துவிட்ட பாடாங் ஒன்று. தண்ணீர்க் குழாயை வெட்டிக் கோல் கம்பம் செய்த பாடாங் ஒன்று. இன்னொன்றில் செம்பனைக் கன்று வளர்க்கக் கொட்டகை போட்டுவிட்டார்கள். நடுவில் ஒற்றைக் கோல் கம்பம் மட்டும் நின்றது. அர்ச்சுனன் அதையும் விடவில்லை. கன்றுகளைத் தாண்டிப் போய்த் தொட்டுவிட்டுத்தான் வந்தான்.

பார்ப்பவர்களுக்கு இது வெட்டி வேலை. எனக்கு அப்படி இல்லை. வருடத்துக்கு ஒருமுறை எங்கள் பக்கத்தில் பழைய தோட்டத்தார் கிண்ணம் என்று ஒரு கால்பந்துப் பந்தயம் நடக்கும். முப்பத்தைந்து வயது தாண்டியவர்கள், தங்கள் தோட்டத்தின் பெயர் போட்ட சட்டையோடு இறங்குவார்கள். தோட்டத்தை விற்றிருப்பார்கள், ஆட்கள் டவுனில் வீடமைப்புக் குடியிருப்பில் இருப்பார்கள், ஆனால் அந்த இரண்டு நாள் எல்லாரும் தோட்டத்தார். சேர வேண்டுமென்றால் அப்பா அம்மா பெயர் அந்தத் தோட்டத்துச் செக்ரோலில், கூலி ஆட்களின் பதிவேட்டில், ஐந்து வருடமாவது இருந்திருக்க வேண்டும்.

என் அப்பா எந்தத் தோட்டத்தில் ஐந்து வருடம் இருந்தார்? வேலை வாங்கும் மண்டோரோடு சண்டை, கணக்கெழுதும் கிராணியோடு சண்டை. பதினாலு வருடத்தில் ஏழு தோட்டம். எங்கள் சட்டி பானை லாரி ஏறாத தீபாவளி கிடையாது. எங்கள் ஊரில் தமிழனைத் தமிழன் பார்த்தால் முதலில் கேட்பது, "நீ எந்தத் தோட்டம்?" எனக்கு ஏழு பதில் இருந்ததால் ஒன்றும் இல்லை. எனக்கு நாற்பத்தொரு வயது. முட்டி இன்னும் இரண்டு வருடம் தாங்கினால் பெரிது. அதற்குள் ஒரு தோட்டத்தின் சட்டையைப் போட்டுவிட வேண்டும் என்று வெறியாக இருந்தேன். ஒவ்வொரு பாடாங்கிலும் இறங்கி, குழுத் தலைவரைத் தேடிப் பிடித்து, கேட்டு, இல்லை என்று வாங்கிக்கொண்டு வருவேன்.

அர்ச்சுனன் ரந்தாவ் பக்கம் ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அவன் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக்கொள்வார்கள். அவனும் இரண்டு வருடமாகப் பெயர் கொடுக்கவில்லை. "நீ வெளிய நிக்க, நான் மட்டும் எறங்குனா நல்லாவா இருக்கும்?" என்பான்.

போன ஞாயிறு பெயர் கொடுக்கக் கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு சரி. காலையில் கோலா சாவா பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். அங்கே குழுவைப் பார்த்துக்கொள்ளும் நாகராஜன் என் அப்பா பெயரைக் கேட்டதும் சிரித்தார்.

"ஒங்கப்பா இங்க பதினோரு மாசந்தான் இருந்தாரு தம்பி. அதுல ரெண்டு மாசம் கிராணிகூட சண்டை."

"பதினோரு மாசம் இருந்தவன் மனுசன் இல்லையா?" என்றேன். குரல் ஏறிவிட்டது. அர்ச்சுனன் சட்டைக் காலரைப் பிடித்து என்னைக் காடிக்கு இழுத்துப் போனான்.

வழியில் கண்ணாடியை இறக்கினேன், ஏற்றினேன். ரேடியோவைப் போட்டேன், அணைத்தேன். ரெம்பாவில் தே தாரே டீ குடிக்க நிறுத்தினோம், பாதியில் எழுந்துவிட்டேன். செனாவாங்குக்குத் திரும்ப வேண்டிய அர்ச்சுனன் தம்பின் சாலையிலேயே போய்க்கொண்டிருந்தான்.

"எங்கடா போற?"

"ஏழாங்கட்டை. இந்த வருசம் எல்லாத் தோட்டத்துக்கும் பேரு எழுதுறது அங்கதான்."

"காடிய நிப்பாட்டு."

"நிப்பாட்ட முடியாதுலா. மாப்பிள்ளையும் வெளையாடலாம். ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். தோட்டத்துப் பெண்ணைக் கட்டியவனும் அந்தத் தோட்டத்து ஆள்தான். அப்பா பெயரில்தான் சேர வேண்டும், பெண்டாட்டி பெயரில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்ற வீம்பில் இத்தனை நாள் அந்த வழியைத் தொடாமல் இருந்தேன். முன்பு ஒரு குழு, கல்யாணமே ஆகாத ஒருவனை மாப்பிள்ளை என்று இறக்கி மூன்று கோல் அடித்துவிட்டது. அதிலிருந்து சட்டம் போட்டுவிட்டார்கள்: பெண்டாட்டி கையெழுத்து வேண்டும், ஃபாரத்தை ஆட்டக்காரனே ஐசி அடையாள அட்டையோடு வந்து கொடுக்க வேண்டும்.

"அவ போடுவாளாடா?"

"கேட்டாத்தானே தெரியும்."

நாலேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். இத்தனை பாடாங் பார்த்தேனே, இதற்குத்தான் வந்ததில்லை. புல்லை வெட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, புது வலை கட்டியிருந்தார்கள். ஓரத்தில் கூடாரம், மேசை, மைக். மேசைக்குப் பின்னால் தனலெட்சுமியின் அண்ணன் ராமகிருஷ்ணன்.

"வாங்க மாப்பிள்ளை. பாடாங் பாக்க வந்தீங்களா?"

குத்தல்தான். வாங்கிக்கொண்டேன். "பேரு குடுக்கணும் மச்சான்."

அவர் ஒரு ஃபாரத்தை மேசைமேல் தள்ளினார். "தங்கச்சி சைன் வேணும். வீட்டுலதான் இருக்கா. அஞ்சு மணிக்கு மூடிருவேன். ஒங்களுக்காக ஒரு நிமிசம் தாண்டாது."

பாடாங்கை ஒட்டிய வடிகாலைத் தாண்டினால் வரிசையாக லயத்து வீடுகள். தனலெட்சுமி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு கையிலிருந்த ஃபாரத்தைப் பார்த்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"என்னைக் கூப்பிட வந்தீங்களா, சைனுக்கு வந்தீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் எனக்குக் கோபம்தான் சட்டென்று வரும், பொய் வராது.

"சைனுக்கு" என்றேன். பின்னால் அர்ச்சுனன் தலையில் அடித்துக்கொண்டான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். தன் பெயரை எழுதினாள், ஐசி நம்பரை எழுதினாள், கையெழுத்துப் போட்டாள்.

"கூப்பிட வந்தேன்னு சொல்லியிருந்தா கிழிச்சுப் போட்டிருப்பேன். இந்தாங்க. தோட்டம் ஒங்கள மாப்பிள்ளைன்னு வச்சிக்கட்டும். என்னைய அதுல சேக்காதீங்க."

துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஃபாரத்தைப் பார்த்தேன். தோட்டம்: ஏழாங்கட்டை. மனைவி: தனலெட்சுமி. இரண்டு வருடமாக அலைந்தது கையில் இருந்தது. குதித்திருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. ஒருமுறை அவளும் கூட வரட்டுமா என்று கேட்டாள். பொம்பளைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டுவிட்டு நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். அன்றைக்கு அவளுக்குப் பிறந்தநாள். அது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. இவளை விட்டுவிட்டு எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு எவன்முன் நிற்கப் போகிறேன் என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

"வாடா, மணி நாலு நாப்பது" என்றான் அர்ச்சுனன்.

"நீ போய் ஒன் பேரக் குடு. ஒங்க தோட்டத்து ஆளுங்களும் அங்கதான் நிக்கிறாங்க."

"அப்ப நீ?"

"நான் இன்னும் அவளக் கூப்பிடல."

"ஃபாரத்தக் குடுத்துட்டு வந்து கூப்பிடுலா. ரெண்டு நிமிச வேலை."

"கையில கெடச்சப்பறம் வந்து கூப்பிட்டா அது கூப்பிட்டதாடா?"

அவன் என்னை முறைத்தான். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாடாங்கைப் பார்த்து ஓடினான்.

கதவு திறந்துதான் இருந்தது. படியேறி நின்றேன்.

"தனம்."

"என்ன, பேனாவுல மை இல்லையா?"

"கூப்பிட வந்தேன். வீட்டுக்கு வா. ஞாயித்துக்கெழமையெல்லாம் ஒன்னைத் தனியா விட்டது தப்பு. எனக்குத் தெரிஞ்சே செஞ்சேன்."

மைக்கில் ராமகிருஷ்ணனின் குரல் கேட்டது: பெயர் கொடுக்காதவர்கள் உடனே வரவும், இன்னும் பத்து நிமிடம்தான். என் கால் தானாக ஆடியது. அவள் அதைப் பார்த்தாள். என் தோள் வழியாகப் பாடாங்கைப் பார்த்தாள்.

"அஞ்சு ஆகட்டும்" என்றாள். "அதுவரைக்கும் அங்கயே நில்லுங்க. அப்பறம் பேசலாம்."

நின்றேன்.