முதல் வாய்

புட்டுக் கோப்பை சுவரில் அடித்து உடைந்தது. சொதி அருந்ததியின் சேலையில் வழிந்தது. அவள் குனிந்து பொறுக்குமுன் முதுகில் உதை விழுந்தது.

"என்னடி போட்டனி? சொல்லடி!" புருசன் கதிர்காமநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டே கத்தினான்.

மூன்று மாதமாக இதே கூத்துத்தான். வயிறு முறுக்கும், தின்றதெல்லாம் சத்தியாய் வெளியே வரும், மலம் தார் மாதிரிக் கறுப்பாய்ப் போகும். டொக்டரிடம் போவோம் என்றால் கேட்டால்தானே! சாப்பாட்டில் யாரோ மருந்து வைத்திருக்கிறார்கள் என்று சாதகம் பார்த்த ஒரு சாத்திரி சொல்லிவிட்டான். வீட்டில் சமைப்பவள் அவள் ஒருத்திதான். அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் முதல் வாய் அவள் சாப்பிட வேண்டும். மென்று விழுங்கி, வாயைத் திறந்தும் காட்ட வேண்டும். அப்படியும் வயிறு நொந்தால் அடி. வெள்ளவத்தை அடுக்குமாடியில் சுவருக்கு அப்பால் எல்லாருக்கும் கேட்கும். ஒரு சனம் கதவைத் தட்டியதில்லை. நாசமாய்ப் போன மனுசன், செத்தாலும் பரவாயில்லை என்று நினைப்பாள். அடுத்த நிமிடமே பயம் பிடிக்கும். இவன் செத்தால் ஊர் முழுக்கத் அவளைத்தானே கொலைகாரி என்னும்?

அன்று உதைத்தவன் அப்படியே சரிந்து விழுந்தான். த்ரீவீலில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். குடல் அடைத்துக் கிடந்தது; அன்றே வயிற்றை வெட்டி அந்தத் துண்டை எடுத்தார்கள்.

பத்தாம் நாள் டொக்டர் நிஹ்லா வெட்டியெடுத்த குடலின் ரிப்போர்ட்டோடு வந்தார். "இவருக்குக் காலில ஏதாவது கறுப்பா இருந்ததா?"

"உள்ளங்காலில, மச்சம் மாதிரி. ஆணி எண்டு பிளேட்டால சீவிக்கொண்டே இருந்தவர்," என்றாள் அருந்ததி.

"அது ஆணி இல்ல, தோல் கான்சர். அதுதான் சிறுகுடலுக்குப் பரவியிருக்கு. உள்ளுக்க ரத்தம் கசிஞ்சுதான் கறுப்பாப் போயிருக்கு."

"சாப்பாட்டால வந்ததில்லையே டொக்டர்? அவருக்குக் கேக்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

"சாப்பாட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அருந்ததிக்குச் சந்தோசம் பொங்கியது. புருசனுக்குக் கான்சர் என்கிறார்கள், இவளுக்குச் சந்தோசம்! வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

டொக்டர் போனதும் கதிர்காமநாதன் மெல்லக் கேட்டான்.

"அப்ப நீ ஒண்டும் போடேல்லையா?"

அறைந்தாள். கை தானாகப் போனது என்று பிறகு யாருக்கும் சொல்லலாம், ஓங்கித்தான் அறைந்தாள். அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். நர்ஸ் ஓடிவந்து என்ன சத்தம் என்று சிங்களத்தில் கேட்டாள்.

அவன் அருந்ததியைப் பார்த்தான். பிறகு நர்ஸிடம், கன்னத்தில் கடித்த நுளம்பை இவள் அடித்தாள் என்று சிங்களத்திலேயே சொன்னான்.

நர்ஸ் கட்டிலைச் சுற்றி நுளம்பு வலையை இறக்கிவிட்டுப் போனாள். வலைக்குள் அவன் கன்னத்தில் நான்கு விரலும் தடித்துத் தெரிந்தன.