கழுவிய மெசின்

வாய்க்காலில் மீன்கள் வயிறு வெளுக்க மிதந்து வந்தன. தண்ணீர் அள்ள வந்த இராசேஸ்வரி குடத்தைக் கரையில் போட்டாள். உச்சந்தலைவரை கோபம் ஏறியது.

போன கிழமையும் இப்படித்தான். மீனைக் கண்டு பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்த அவளுடைய மகள் இரஞ்சிதம் பின்னேரமே வாயில் நுரை தள்ள விழுந்தாள். கிளிநொச்சி ஆசுபத்திரியில் கிடந்து, தப்பிப் பிழைத்து, நேற்றுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். கை நடுக்கம் இன்னும் விடவில்லை. ஒரு கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாமல் அழுகிறாள்.

குடியேற்றத்துக் கிணறுகள் வற்றிக்கிடக்கும் கோடைச் சிறுபோகத்தில் அங்கத்தைச் சனத்துக்கு வாய்க்காலை விட்டால் வேறு தண்ணீர் ஏது? அதிலே எவனோ பூச்சிமருந்தைக் கலக்கிறான். எவனோ என்ன எவனோ! மேல்வயல் சின்னராசாதான். வேறு யாருக்கு இந்தக் கொழுப்பு வரும்?

"நாசமாய்ப் போவான்! எங்கையடா நிக்கிறாய்?" என்று கத்திக்கொண்டே வாய்க்கால் கட்டில் ஏறி நடந்தாள்.

வளைவில் ஒருவன் குந்தியிருந்து மருந்தடிக்கிற மெசினைக் கழுவிக்கொண்டிருந்தான். பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல அவ்வளவு கவனம். நெருங்கிப் பார்த்தாள். சின்னராசா இல்லை. அவளுடைய புருசன் கதிர்காமநாதன்.

"இஞ்ச என்ன செய்யிறியள்?"

"விவசாயச் சங்கத்தில இரவல் எடுத்த மெசின். கழுவிக் குடுக்காட்டி மனேச்சர் திருப்பி எடுக்கமாட்டார்."

"போன கிழமையும் இஞ்சதான் கழுவினீங்களோ?"

"ஓம்." அப்போதுதான் அவன் மீன்களைக் கண்டான். முகம் கறுத்தது. "நீதானே சொன்னனி, நாத்தம் பிடிச்ச மெசினை வளவுக்குள்ள கொண்டுவராதேங்கோ எண்டு."

சொன்னாள்தான். தன் வாயாலேயே சொன்னாள். ஆனாலும் கோபம் தணியவில்லை, இரட்டித்தது. மெசின் கழுவுகிற தண்ணீரும் நஞ்சென்று தெரியாத இரண்டு மடையர்கள் சேர்ந்து பெற்ற பிள்ளைக்கே நஞ்சு பருக்கியிருக்கிறார்கள். தெரிந்தவன் ஒருவனாவது சொல்லியிருக்கக் கூடாதா?

பாதி கழுவிய மெசினைப் பறித்துக்கொண்டு சங்கத்துக்கு நடந்தாள். வழியெல்லாம் மருந்து ஒழுகியது.

மனேச்சர் யோகநாதன் கதிரையில் சாய்ந்திருந்தார். "என்ன பிள்ளை, ஒழுக ஒழுகக் கொண்டுவாறாய்? கழுவித் தரவேணுமெண்டு எத்தினைதரம் சொல்லுறது?"

"கழுவத்தான் வந்தனான்" என்று சங்கத்துக்குப் பின்னாலிருந்த கிணற்றை நோக்கிப் போனாள்.

மனேச்சர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பாய்ந்து வந்தார். "ஐயோ, கிணத்தடியில வையாதை! நஞ்செல்லே! நாங்கள் குடிக்கிற தண்ணி!"

இராசேஸ்வரி அப்படியே நின்றாள்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றாள். "எங்களுக்கு ஒரு சொல்லுச் சொன்னனீங்களோ?"

அவள் திரும்பிப் போய், ஒழுகும் மெசினை அவருடைய மேசையில், அவர் குடித்து மிச்சம் விட்டிருந்த தேத்தண்ணிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நாளைக்கு என்ர பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன். அதின்ர கையிலை ஒரு கோப்பை தண்ணியைக் குடுத்துப்போட்டு, பிறகு சொல்லுங்கோ, கழுவித் தரச்சொல்லி."