அடுப்பு ஆறும் நேரம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கருகல் வாசனையில் பிறந்தது. மூன்று தட்டு இஞ்சி பிஸ்கட் கருகினால் அந்த வாசனை திரைச்சீலையில் ஒரு வாரம் நிற்கும். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

'வாழ்க்கையும் ஒரு பிஸ்கட் மாதிரிதான்' என்று தொடங்கினேன். வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

2

வேறு தொடக்கம்.

பிஸ்கட் ஆலையில் பதினோரு வருடம் இரவு வேலை பார்த்து, போன மாதம் வேலையிலிருந்து நின்றுவிட்ட ஒருவன், ஞாயிறு மதியம் மாவு பிசைகிறான். வெண்ணெய், கரும்புப் பாகு, சுக்குப் பொடி, பட்டை, கிராம்பு, துளி ஜாதிக்காய். ஆங்கிலேயர் வீடுகளில் காலங்காலமாகச் செய்கிற வகை. செய்முறை, மனைவியின் கையெழுத்தில் அடுப்புக் கதவில் ஒட்டியிருக்கிறது. மனைவி இரண்டு வாரமாக அவள் அக்கா வீட்டில். மூன்று மணிக்கு வருகிறாள், அந்த அடுப்பை எடுத்துப் போக. அவளுடைய மற்ற சாமான்கள் எல்லாம் போய்விட்டன. இந்த மின்னடுப்பு மட்டும்தான் பாக்கி.

அதற்குள் அவளுக்குப் பிடித்த பிஸ்கட்டை ஒரு தட்டாவது உருப்படியாகச் செய்து முன்னால் வைக்க வேண்டும். 'போகாதே' என்று சொல்ல அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. (வாய் இருக்கிறதே என்பீர்கள். நானும் சொன்னேன். கேட்கவில்லை.)

3

ஆலையில் அவன் வேலை இதுதான். சுவரிலுள்ள திறப்பு வழியாக, ஓடும் பெல்ட்டில் ஆறிப்போய் வரும் பிஸ்கட்டில் ஒன்றைக் கால் மணிக்கு ஒருமுறை எடுத்துக் காதருகே உடைப்பது. 'டக்' என்றால் நல்லது. வளைந்தால் மொத்தமும் கழிவு. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் போனதில்லை. அடுப்பிலிருந்து வந்த சூட்டோடு ஒரு பிஸ்கட்டைத் தொட்டதே இல்லை.

ஆகவே பன்னிரண்டாவது நிமிடம் தட்டை எடுத்தான். ஒன்றை உடைத்துப் பார்த்தான். வளைந்தது. திரும்ப உள்ளே தள்ளினான். கருகியது. இப்படி மூன்று முறை.*

* கதைக்கு ஒரு முறை போதும். அவனுக்கு மூன்று தேவைப்பட்டது.

செய்முறையில் 'ஆறவிடு' என்று இல்லை. தனக்குத் தெரிந்ததை அவள் எதற்கு எழுதிவைப்பாள்?

4

நான்காவது தட்டை வெளியே எடுத்தபோது வந்துவிட்டாள். கூடவே வேன் ஓட்டுகிற அவள் தம்பி.

"ஏன் மாமா, அடுப்பத் தூக்குற அன்னைக்கா அடுப்பு மூட்டுவாங்க?" தொட்டுப் பார்த்துக் கையை உதறினான். "ஆறுனதும் கூப்புடுக்கா. வண்டியில படுத்திருக்கேன்."

[வேண்டுமென்றேதான் மூட்டினானோ என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அவ்வளவு சாமர்த்தியம் இருந்தால் அவள் போயிருக்கவே மாட்டாள்.]

அவள் அடுப்பை அணைத்தாள். குப்பைத் தொட்டியைப் பார்த்தாள்.

"எத்தனை தட்டு?"

"மூணு. இதுவும் வேகல." தட்டை மறுபடி தூக்கினான்.

"வைங்க கீழ."

"வளையுதும்மா."

"சூட்டுல வளையத்தான் செய்யும். ஆறுனா தானா மொறுமொறுன்னு ஆயிடும். பதினோரு வருஷம் பிஸ்கட் கம்பெனியில என்னதான் பண்ணீங்க?"

"உடைச்சேன்."

அவள் சிரித்தாள் என்று எழுதினேன். சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

5

முடிவு ஒன்று: அவள் அழ, அவன் கையைப் பிடித்து... வேண்டாம்.

முடிவு இரண்டு: தம்பியும் அவனுமாக அடுப்பைப் படியில் இறக்கும்போது... இதையும் பாதியில் விட்டேன். முதுகு வலித்தது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பத்து நிமிடம் கழித்து அவள் ஒன்றை எடுத்து அவன் காதருகே உடைத்தாள். டக். ஆளுக்குப் பாதி. அரைத் தட்டு காலியானது. கீழே ஹாரன் அடித்தது.

"அக்கா! ஆறிடுச்சா?"

அடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை.

"இன்னும் இல்லடா!"

அணைத்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அந்த அளவு அடுப்பு ஆற எவ்வளவு நேரமாகும் என்று, வீட்டில் அது உள்ளவர்கள் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். என் வீட்டில் இப்போது இல்லை.