ஜன்னல் அறை

வெந்நீர் வாளியைப் படியில் இறக்கி வைத்து அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் தம்பி வந்து சொன்னான்.

"அக்கா, அப்பா போயிட்டார்."

மாடி ஜன்னல் அறையில் வாடகைக்குத் தங்கியிருந்தவர்கள் இரண்டு தடவை மணி அடித்துவிட்டார்கள். வாளியைக் கொண்டுபோய் அவர்கள் கதவோரம் வைத்துவிட்டுத்தான் இறங்கினாள். அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கம்பளிகளை அடுக்கும் பின்னறையில் அப்பா கிடந்தார். கீழே சமவெளி கொதிக்க ஆரம்பித்ததும் மலைக்குக் கூட்டம் ஏறும். நல்ல அறைகளையெல்லாம் வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர்கள் பின்னால் ஒண்டிக்கொள்வார்கள். கல்யாணமோ சண்டையோ வைத்தியமோ, எதைக் கேட்டாலும் இந்த ஊரில் 'சீசன் முடியட்டும்' என்பார்கள். சாவு மட்டும்தான் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அப்பாவும் நெஞ்சுவலியை அப்படித்தான் தள்ளிப்போட்டார்.

ஜன்னல் அறையில் படுத்தபடியே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அதுவும் இந்த மூன்று மாதம்தான். பிறகு மூடுபனி இறங்கிவிடும், ஜன்னலுக்குப் பலகை அடித்துவிடுவார்கள். போன வாரம் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு தடவை அங்க படுத்துப் பாக்கணும்மா," என்றார். உடனே அவரே, "சீசன் முடியட்டும்," என்றார். சீசன் முடிந்தபின் பார்க்க ஒன்றும் இருக்காது என்று இருவருக்கும் தெரியும். இருந்தும் அவள் சரியென்று தலையாட்டினாள்.

"அப்பாவை ஜன்னல் ரூமுக்குக் கொண்டுபோகணும்."

"விளையாடுறியாக்கா? அவங்க நாளை மறுநாள்தான் கிளம்புறாங்க. பாதியில கிளப்பினா பேர் கெட்டுடும். இங்கயே வச்சு எடுத்துடலாம்."

"நாப்பது வருஷமா பேர் கெடாமத்தானே இருந்தார். எங்க கிடக்கறார் பாரு."

தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டான். அவனும் இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை.

அவள் மாடியேறிக் கதவைத் தட்டியதும் தலையில் துண்டு சுற்றிய ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார். "தண்ணி சூடு பத்தலைம்மா."

"எங்க அப்பா இறந்துட்டாருங்க. இந்த ரூம் வேணும்."

அவ்வளவு பட்டென்று சொல்லியிருக்க வேண்டாம். அந்த அம்மாள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு உள்ளே திரும்பி, "ஏங்க, பெட்டிய எடுங்க," என்றார். போகும்போது வாளியைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார்.

அவள் வேலையில் இறங்கினாள். கூட்டினாள், பழைய விரிப்பை உருவினாள், புதியதை உதறிப் போட்டாள். கை அதுபாட்டுக்கு ஓடியது. முட்டி விண்ணென்று வலித்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உட்கார்ந்து அழுதால் எழ முடியாது என்று அழவில்லை.

அப்பாவைத் தூக்கி வந்த தம்பியும், சீசன் கூட்டத்தை ஏற்றி வரும் ஜீப் டிரைவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கட்டிலில் சுருக்கமில்லாமல் சலவை விரிப்பு. கால்மாட்டில் மடித்த துண்டு. அதன்மேல், புதிதாக வரும் எல்லாருக்கும் வைப்பதுபோல, பிரிக்காத சோப்பு.

"அக்கா... சோப்பு."

அப்போதுதான் அவளும் பார்த்தாள். எடுக்கக் கை நீட்டினாள். எடுக்கவில்லை.

"இருக்கட்டும்டா. மெதுவா படுக்க வைங்க."

அவருக்குக் கால் நீட்ட இடம் வேண்டுமே என்று, துண்டைச் சோப்போடு சற்று ஓரமாக நகர்த்தி வைத்தாள்.