ஹூசூம் கப்பலின் பியானோ

எங்கள் கப்பலின் பெயர் 'ஹூசூம்'. சிறிய ஜெர்மன் போர்க்கப்பல்தான். ஓட்டத்தில் கெட்டிக்காரி, கவசமோ மெலிசு. முதல் உலகப் போர் தொடங்கிய வருடம் பசிபிக்கில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களை மறித்து, ஆட்களை இறக்கிவிட்டு, கப்பலை மூழ்கடித்துக்கொண்டு திரிந்தோம். இப்போது நான் எங்கள் ஊர்ப் பக்கத்து ஃபோர் தீவுக்குப் போகும் படகில் எஞ்சின் பார்க்கிறேன். ஆனாலும் கப்பல் என்று யாராவது சொன்னால் எனக்கு ஹூசூம்தான் நினைவுக்கு வரும்.

அதிகாரிகளின் சாப்பாட்டு அறையில் ஒரு பியானோ இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கேப்டன் அதை மேல்தளத்துக்குத் தூக்கிவரச் சொல்வார். வாசிப்பவன் ட்யார்க் லோரென்சன். என்னோடு ஒரே கொதிகலனில் கரி அள்ளிப் போட்டவன்.

"டேய் ட்யார்க், கையைக் கழுவுனியா? வெள்ளைக் கட்டையெல்லாம் கரியா கெடக்கு பாரு" என்று சமையல்கார ஓனோ சீண்டுவார்.

"கழுவுனேன்ணே. உங்க சூப்பைவிட சுத்தமாத்தான் இருக்கு."

அந்தச் சிரிப்பெல்லாம் இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு ஒரு பெரிய பிரிட்டிஷ் கப்பல் எங்களைத் துரத்தியது. தெற்கே, குளிரும் மழையுமான கடலுக்குள் ஓடி ஒருவழியாகத் தப்பினோம். ஆனால் கரி தரவேண்டிய கப்பல் சொன்ன இடத்துக்கு வரவே இல்லை. போருக்கு வெளியே இருந்த சிலி நாட்டின் கரையை எட்டிவிட்டால் பிழைப்போம். இல்லையென்றால் நடுக்கடலில் நிற்க வேண்டியதுதான்.

"மரம்னு எது இருந்தாலும் கொண்டாங்கடா" என்றார் தலைமை எஞ்சினியர் ப்ரோடர்சன்.

மேசை, நாற்காலி, படுக்கைப் பலகை, தளத்துப் பலகைகள் எல்லாம் உலைக்குள் போயின. தூரத்தில் மலைகள் தெரிந்த நேரத்தில் நீராவி மறுபடி இறங்கத் தொடங்கியது. ப்ரோடர்சன் மேலே வந்தார். பியானோவைப் பார்த்தார், ட்யார்க்கைப் பார்த்தார். கையில் கோடாலியோடு நின்றார்.

"கோடாலிய எங்கிட்ட குடுங்கய்யா" என்றான் ட்யார்க்.

"வேற யாராவது செய்யட்டும்டா."

"வேணாம்யா. நானே பண்றேன்."

முதலில் உட்கார்ந்து, எங்கள் ஊர்க் கல்யாணங்களில் ஆடும் ஒரு பாட்டை வாசித்தான். ஓனோ ஒரு மாலுமியைக் கட்டிப் பிடித்து ஆடினார். கப்பல் உருண்ட உருளலில் இருவரும் விழுந்தார்கள், சிரித்தோம். பாட்டு முடிந்ததும் எழுந்து ஓங்கி வெட்டினான். கம்பிகள் எல்லாம் ஒன்றாக அலறின.

நான் உலைக் கதவைத் திறந்து பிடித்தேன். அவன் துண்டு துண்டாக உள்ளே எறிந்தான். மெருகெண்ணெய் நீலமாக எரிந்தது. நீராவி அழுத்தம் காட்டும் முள் அசைந்தது.

"ஏறுதுடா!" என்று கத்தினேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த துண்டை எடுத்தான்.

கரை சேர்ந்தோம். சிலிக்காரர்கள் போர் முடியும்வரை எங்களை ஒரு தீவில் வைத்திருந்தார்கள். ஹூசூமை இழுத்துக்கொண்டு போனபோது கேப்டன் திரும்பி நின்றுகொண்டார். நாங்கள் உருளைக்கிழங்கு பயிரிட்டோம், மீன் பிடித்தோம். ட்யார்க் அங்கே சலவைக்கடை நடத்திய ஒரு விதவையைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டான். எங்களை ஊருக்கு ஏற்றிச் செல்ல கப்பல் வந்தபோது அவன் ஏறவில்லை.

"வாடா! உங்கப்பா கேட்டா நான் என்னடா சொல்றது?" என்றேன்.

"சௌக்கியமா இருக்கான்னு சொல்லு. இங்க மீனு பெருசுன்னும் சொல்லு."

அவனுடைய அப்பா, எங்கள் கப்பலுக்குப் பெயர் தந்த ஹூசூம் நகரத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். ஊர் வந்து சேர்ந்ததும் முதலில் அவரிடம்தான் போனேன். கல்யாணத்தைச் சொன்னேன், மீனைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவன் கை நல்லா இருக்கா தம்பி?"

"நல்லா இருக்குங்கய்யா."

தலையசைத்தபடி எனக்குத் தேநீர் ஊற்றினார். "சரி, கப்பலைப் பத்திச் சொல்லு" என்றார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். எழுந்து வர மனமில்லை.