மேலாளர் இல்லாத பீரோ கம்பெனி

அந்த பீரோ கம்பெனியில் மேலாளர் பதவியை ஒழித்தவர் மேலாளரேதான். நிர்வாகப் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய், கழுத்தில் அட்டையும் கண்ணில் ஒளியுமாகத் திரும்பி வந்தார்.

"இனிமே இங்க மேல, கீழன்னு யாரும் கிடையாது. சின்னச் சின்னக் குழுதான். அவங்கவங்க வேலைய அவங்கவங்களே முடிவு பண்ணலாம். ஆள் வேணும்னா குழுவே கூப்பிட்டுக்கும்."

ஒரு மாதம் வரை எந்தக் குழுவும் கூப்பிடாத ஆள் கம்பெனிக்குத் தேவையில்லை என்று ஒரு விதியையும் சேர்த்தார். அதை எழுதும்போது அவர் மனதில் இருந்தவர், கணக்குப் பிரிவில் எந்நேரமும் கொட்டாவி விடும் ஒருவர். முதலாளி கைதட்டினார். சம்பளம் மிச்சமாகும் எந்தத் தத்துவத்துக்கும் அவர் கைதட்டுவார்.

தன்னை ஆளாளுக்குப் பிடித்து இழுப்பார்களே, முதலில் எந்தக் குழுவுக்குப் போவது என்பது மட்டுமே மேலாளரின் கவலை.

அவருடைய கண்ணாடி அறையை இடித்தார்கள். மேசை கூடத்தின் நடுவுக்கு வந்தது. ரயில் நிலையத்தில் யாரோ விட்டுப்போன பெட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள். 'சார்' போடக்கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பதும் அவர் கொண்டுவந்ததே. இத்தனை வருடம் சார் என்றவர்களுக்குப் பெயர் வாயில் வரவில்லை. அதனால் அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். கொட்டாவிக்காரருக்கு மட்டும் ஏகப்பட்ட கிராக்கி. அவர் யாரையும் தொந்தரவு செய்யமாட்டாராம்.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? மனைவி, மகளின் பிரசவத்துக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். போனில்தான் பேச்சு.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. இங்க ஆபீஸ்ல என்னன்னா..."

"இருங்க, குழந்தை அழுவுது." அவ்வளவுதான். அவர் தோசைக்கல்லைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அணைத்த தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்தார்.

மாதத்தின் கடைசி நாளும் வந்தது. மத்தியானம் வரை யாரும் வரவில்லை. பெயின்ட் குழு பக்கம் சும்மா நடந்து பார்த்தார்.

"என்னப்பா, ஏதாவது சிக்கலா?"

"ஒண்ணும் இல்லைங்களே. எல்லாம் நல்லாப் போகுது," என்றான் ஒருவன், நலம் விசாரிக்க வந்த தூரத்து உறவினரிடம் சொல்வதுபோல. அவர் திரும்பி வந்து மேசை இழுப்பறையைக் காலி செய்யத் தொடங்கினார்.

அப்போதுதான் பூட்டுக் குழுவின் அக்கா ஓடிவந்தாள்.

"கொஞ்சம் வரீங்களா? எங்க குழுவுக்கு நீங்க வேணும்."

சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

விஷயம் இதுதான். ஒரு மாணவியர் விடுதிக்குப் போக வேண்டிய பீரோக்களை அனுப்பும் நாளை லாரிக் குழு முடிவு செய்தது. சாவிகள் எந்த லாரியில் போகலாம் என்பதைப் பூட்டுக் குழு முடிவு செய்தது. இரண்டுமே சுதந்திரமான முடிவுகள். பூட்டிய பீரோக்கள் விடுதிக்குப் போய்விட்டன, சாவிகள் வேறு ஊரில் ஒரு நகைக்கடைக்குப் போய்விட்டன. விடுதிக்கார அம்மா போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன யோசனை சொல்லணும்?" என்றார் மேலாளர்.

"யோசனையெல்லாம் வேணாங்க. வேற சாவி கிளம்பிடுச்சு. அந்தம்மா மேனேஜரக் கூப்பிடுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. இங்க மேனேஜரே கிடையாதுன்னா இன்னும் கோவப்படுறாங்க. யாராவது திட்டு வாங்கினாத்தான் போன வைப்பாங்க. எங்களுக்கு வேலை கிடக்கு."

போனை அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தாள்.

"யாருய்யா அது? நீதான் மேனேஜரா?"

"நான்தாம்மா."

"அறிவிருக்கா உனக்கு? பொண்ணுங்க துணிமணியெல்லாம் தரையில கிடக்கு!"

"தப்புதாம்மா. சொல்லுங்க."

அவள் சொன்னாள். கம்பெனியை, கம்பெனி ஆரம்பித்தவனை, பீரோ என்ற பொருளைக் கண்டுபிடித்தவனைக்கூட விடவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார். இவ்வளவு நேரம் அவரோடு ஒருவர் பேசி வெகு நாளாயிற்று. கடைசியில் அந்த அம்மாளுக்கே மூச்சு வாங்கியது.

"சரி, வச்சிடறேன்."

"அவசரம் இல்லம்மா," என்றார் அவர். "பீரோ கலர் பிடிச்சிருந்ததான்னு நீங்க சொல்லவே இல்லையே?"