பூனையோடு ஒரே பெட்டியில்

அருங்காட்சியகத்தின் எகிப்து அறையிலிருந்து நீலப் பீங்கான் பூனை காணாமல் போனது. அறைக் காவலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாளைக்குள் பூனை வராவிட்டால் போலீஸ் என்றார் இயக்குநர். காவலரின் மகளும் மகனும் துப்பறியக் கிளம்பினார்கள்.

"துப்பா? துப்புக் கெட்டதுங்களா, போய்ப் படிங்க," என்றார் அப்பா. குரலில் சுரத்தே இல்லை.

எகிப்து அறையில் மகள் தேடாத இடம் மரச் சவப்பெட்டி ஒன்றுதான். அதன் சொந்தக்காரர் எந்தக் காலத்திலோ இடத்தைக் காலி செய்திருந்தார். தம்பி வாலு வாசலில் காவல். அவள் மூடியைத் தூக்கித் தலையை நுழைத்ததும், "அக்கா, வர்றாங்க!" என்றான். பதறி உள்ளே விழுந்து மூடியை இழுத்துக்கொண்டாள்.

"சனியன், எப்பவும் திறந்துக்குது," என்று இயக்குநர் முணுமுணுப்பது கேட்டது. வெளியே கொக்கி விழுந்தது.

முழங்காலில் ஏதோ குத்தியது. தடவினாள். கூரான ஒரு காது. இன்னொன்று உடைந்து பக்கத்தில் கிடந்தது. பூனை!

சந்தோஷப்படக்கூட நேரமில்லை. இப்போது திறந்தால், காவலரின் மகள் கையில் திருட்டுப் பூனை. கூப்பிட்டால் அப்பா மாட்டுவார். கூப்பிடாவிட்டால் இவளுக்கு மூச்சு முட்டும். பெட்டி முன்பைவிடச் சின்னதாகிவிட்டது போலிருந்தது.

வெளியே, தான் அழைத்து வந்த விருந்தினர்களுக்கு முன்னால் இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"அன்பர்களே! இப்பேழைக்குள் மூவாயிரம் ஆண்டு மௌனம் உறைந்து கிடக்கிறது!"

மௌனம் தும்மியது.

"சார், உள்ள யாரோ இருக்காங்க," என்றார் ஓர் அம்மாள்.

"அது... மரம் சுருங்குற சத்தம்மா."

"மரத்துக்கு ஜலதோஷமா?" என்றது பின்வரிசை.

வாலுவுக்குப் பொறுக்கவில்லை. "எங்கக்கா சார் உள்ள!" என்று ஓடிவந்து பெட்டியைப் பிடித்து உலுக்கினான்.

"டேய், ஆட்டாதேடா!" இயக்குநர் அலறினார். "ஏற்கெனவே காது போச்சு, பூனை மொத்தமா நொறுங்கிடும்!"

இந்த முறை நிஜமாகவே மௌனம்.

"எந்தப் பூனை சார்?" என்றார் அந்த அம்மாள்.

"அதாவது... பாதுகாப்பு நிமித்தமான தற்காலிக இடமாற்றம்... என் முழங்கை தற்செயலாகப் பட்டு, காது..."

கூட்டம் அவரை மொய்த்துக்கொண்டது. ஆளாளுக்குக் கேள்வி. பெட்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மூடியைக் குத்தினாள்.

"அவரு எங்கேயும் ஓடிட மாட்டாரு, முதல்ல என்னைத் திறந்துவிடுங்க!"

"கொக்கி இறுகிப் போச்சுக்கா," மூடியின் இடுக்கில் வாயை வைத்துச் சொன்னான் வாலு. "இரு, ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிட்டு வரேன்."

இருட்டில் பூனையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"டேய் வாலு, முதல்ல பூனை கிடைச்சதைச் சொல்லு. அப்புறமா என்னைப் பத்திச் சொல்லு."